எங்களை முந்திப்போன சில்லு

முதலில் கண்டது நான்தான்.

கிண்ணியாவிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். பாலத்தை நெருங்கும் இடம். தெருவின் இரண்டு பக்கமும் தண்ணீர். என் மகன் கஜன் ஓட்டினான். நான் இடப்பக்கக் கதிரையில், மடியில் ஒரு தொதல் இனிப்புப் பொட்டலத்தோடு இருந்தேன். என்னோடு வேலை செய்பவரின் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பார்க்கப் போன நான், மீன் ஏற்ற வந்த மகனுடைய கெப் வண்டியிலேயே திரும்பினேன். பின்தட்டு நிறைய மீன் பெட்டிகள், மேலே நொறுக்கிய ஐஸ், அதற்கு மேல் நீலப் படங்கு.

அப்போது என் யன்னலுக்குப் பக்கத்தால் ஒரு சில்லு உருண்டு போனது.

தனிச் சில்லு. அவசரம் ஒன்றுமில்லாமல், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒழுங்காக உருண்டு, எங்களை முந்திக்கொண்டு போனது.

"தம்பி, ஆரின்ரயோ சில்லு ஒண்டு கழண்டு ஓடுது பார்," என்றேன்.

கஜன் பார்க்கவில்லை. அவன் கைகள் ஸ்டியரிங்கில் இறுகியதைத்தான் கண்டேன். அடுத்த கணம் என் பக்கப் பின்மூலை தெருவில் இறங்கியது. இரும்பு தாரைக் கிழிக்கும் சத்தம். அதைச் சத்தம் என்று சொல்வதா, பல்லுக்குள் வந்த வலி என்று சொல்வதா தெரியவில்லை. கெப் இடப்பக்கம் இழுத்தது. தண்ணீர் என்னை நோக்கி வந்தது. பிறகு நின்றது.

கரையில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். சில்லு தெருவை விட்டு இறங்கி அவரை நோக்கிப் போக, அவர் எழும்பி, தூண்டில் நூலை மெல்லத் தூக்கி அதற்கு வழி விட்டார். அது தண்ணீருக்குள் போய்ப் படுத்தது.

"மகன், இது ஒங்கட சாமானா?" என்று அவர் கேட்டார்.

கஜன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மடியைப் பார்த்தேன். தொதல் பொட்டலத்தில் என் ஐந்து விரல்களும் ஆழமாகப் பதிந்திருந்தன.

வால் சாயாத கெப்

இந்தத் தொடரின் முந்திய ஒரு பகுதியில் கஜன் பாஸ்போட் எடுத்த கதையை எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் அன்புவழிபுரத்தில் அவனோடு கிரிக்கெட் விளையாடியவர்கள் ஒவ்வொருவராகக் கட்டாருக்குப் போய்விட்டார்கள். இவனும் போவதாக இருந்தான். கடைசி நேரத்தில் மனம் மாறி, "நான் போகேல்ல அம்மா. கெப் ஒண்டு எடுத்து ஐஸ் கொண்டுபோய்க் குடுத்து மீன் ஏத்தப் போறன்," என்றான். அன்று எங்கள் வீட்டில் பாயாசம். காரணம் கேட்டவர்களுக்கு வெள்ளிக்கிழமை என்று சொன்னேன்.

கெப் உப்புவெளியில் கிடைத்தது. ஒரு விருந்தினர் விடுதியில் உல்லாசப் பயணிகளின் பெட்டி படுக்கை ஏற்றிய பழைய வாகனம். வெள்ளை நிறம், சொகுசான ஓட்டம். ஏறி இருந்தால் நித்திரை வரும்.

எங்கள் பக்கத்தில் பழைய கெப் வாங்குவதற்கு ஒரு பரீட்சை இருக்கிறது. விற்பவர், வாங்குபவர், சொந்தக்காரர், தெருவால் போகிறவர் எல்லோரும் பின்தட்டில் ஏறி நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் வண்டி சரியில்லை, தாழாவிட்டால் வாங்கலாம். கலியாண வீட்டுப் படம் எடுக்கிற மாதிரி ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டு ஏறும். யாராவது ஒருவர் குதித்தும் பார்ப்பார். அன்று குதித்தவர் என் கணவர். தபால் கந்தோரில் வேலை செய்யும் மனுசன், வீட்டில் கதிரையை இழுத்துப் போடவே யோசிப்பவர், அங்கே சின்னப்பிள்ளை மாதிரிக் குதித்தார்.

"பாருமப்பா, அசையுதோ? குதிரை மாதிரி நிக்குது," என்றார்.

அசையவில்லைதான். ஏனென்று பிறகுதான் தெரிந்தது. விற்கப் போகிறவர்கள் பின்பக்க ஸ்பிரிங் வில்லில் இரண்டு மூன்று இரும்புத் தகடுகளைக் கூடுதலாகப் போட்டுவிடுவார்கள். அதைப் பிளேட்டுக் கூட்டுவது என்பார்கள். இதில் களவு என்று ஒன்றும் இல்லை. எல்லோரும் செய்கிறார்கள், எல்லோருக்கும் தெரியும். வால் நிமிர்ந்தால் வண்டிக்கும் பலம் வந்துவிட்டது என்று மனதார நம்புகிறார்கள். கூட்டினவரும் நம்புகிறார், குதித்தவரும் நம்புகிறார்.

ஆனால் வில் தாங்குகிற சுமை அதோடு நின்றுவிடுவதில்லை. அடியில் குறுக்காக ஓடும் அச்சுக்குப் போகிறது. முதுகெலும்பு மாதிரி நீளவாக்கில் ஓடும் சேசிக்குப் போகிறது. அந்த இரண்டிலும் யாரும் ஏறி நின்று பார்ப்பதில்லை.

பாதி கறுப்பு, பாதி வெள்ளி

சில்லைத் தூண்டில்காரரே இறங்கி எடுத்துத் தந்தார். மீன் ஒன்றும் வீணாகவில்லை. வந்து கூடிய கிண்ணியாச் சனம் பெட்டிகளை இறக்கி நிழலில் அடுக்கியது. பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் எனக்கு ஒரு பிளேன்ரீயைக் கையில் திணித்து, "குடிங்க, சீனி கூடப் போட்டிருக்கு. நடுக்கம் நிக்கும்," என்றார். குடித்தேன். அந்த இனிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

கெப்பை எங்கள் அயலில் உள்ள கராஜுக்கு இழுத்து வந்தார்கள். பின் அச்சுக்குள் இருந்து முறிந்த தண்டை உருவினார்கள். முறிந்த முகத்தை நான் பார்த்தேன். பாதி கறுப்பு, மற்றப் பாதி புது நாணயம் மாதிரி வெள்ளி.

"வெள்ளி இண்டைக்கு முறிஞ்சது," என்றான் கஜன். "கறுப்பு எப்பவோ வெடிச்சது. வெடிச்சபடியேதான் நான் இவ்வளவு நாளும் ஓடினனான்."

அதை அவன் அமைதியாகச் சொன்னான். நான் அங்கே கிடந்த ஒரு டயரின் மேல் இருந்துவிட்டேன்.

பிறகு அவன் ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு கெப்பின் அடியில் படுத்தான். அந்தக் கெப்பின் சேசி நான்கு பக்கமும் மூடிய, நீளமான இரும்புப் பெட்டி. பார்த்தால் பலமானது போலத்தான் இருக்கும். அவன் திருப்புளியால் குத்தினான். அவித்த கிழங்கில் போவது மாதிரி உள்ளே போனது. மீன் பெட்டிகளிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் எங்கோ ஒரு துளையால் உள்ளே இறங்கி, வெளியே வர வழியில்லாமல், உள்ளேயே இருந்து தின்றிருக்கிறது. வெளியில் பூச்சு வெள்ளையாய், பளபளவென்று இருந்தது.

கராஜ்காரருக்கு இது பெரிய விசயமில்லை. "மேலால ஒரு தகடு வைச்சு ஒட்டிவிடுறன். புது தண்டு ஒண்டு போடுவம். இன்னும் கனகாலம் ஓடும்," என்றார்.

என் கணவரின் முகம் மலர்ந்தது. "கேட்டியே தம்பி? ஒட்டினாச் சரி."

"எதில அப்பா ஒட்டுறது? ஒட்டுறதுக்கு இரும்பு வேணுமே," என்றான் கஜன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னான்: "பரவாயில்லை. பாஸ்போட் கிடக்குதுதானே. நான் வெளிக்கிடுறன்."

அவன் கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

புட்டுக்குழலும் வளையலும்

அந்தக் கிழமை நான் நானாக இருக்கவில்லை. எனக்குக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், மொழிபெயர்ப்பாளர் வேலை. ஒரு சொல்லுக்கு மூன்று சொல் யோசித்து எழுதுகிறவள், வேலையை விட்டுவிட்டு யன்னலால் தெருவில் போகும் வாகனங்களின் சில்லுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் பின்சில்லுக்கு மேலே உள்ள இருக்கையைத் தவிர்த்தேன். குசினியில் சட்டி மூடி விழுந்தால் நெஞ்சில் கை வைத்தேன்.

தெருவில் விட்டால் பயம். விடாவிட்டால் விமானம் ஏறிவிடுவான். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தேன்.

கஜனும் சும்மா இருக்கவில்லை. நாள் முழுக்க போனில் வாகனங்களின் அடிப்பக்கத்தைப் பார்த்தான். ஒருநாள் குசினிக்கு வந்து, "அம்மா, வளையலைக் கழட்டித் தாங்கோ," என்றான்.

"என்னத்துக்கு? அடகு வைக்கவோ?"

"தாங்கோ அம்மா."

தந்தேன். முதலில் சிரட்டை அகப்பையைக் கையில் எடுத்தான். "எங்கட கெப்பின்ர பின் அச்சு இதுதான். காம்பின்ர நுனியில சிரட்டை மாதிரி, தண்டின்ர நுனியில சில்லு. சுமையைத் தூக்கிறதும் அந்தத் தண்டு, சில்லைச் சுத்திறதும் அந்தத் தண்டு. தண்டு முறிஞ்சா?"

"சிரட்டை விழும்."

"ஓம். எங்களை முந்திக்கொண்டு ஓடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கிழமையில் முதற்சிரிப்பு.

பிறகு புட்டுக்குழலை எடுத்து, அதன் வெளியே என் வளையலை மாட்டினான். குழலுக்குள் அகப்பைக் காம்பை விட்டான். "பாரம் ஏத்தவெண்டே செய்த பழைய கெப்புகளில இப்பிடி. குழல்தான் சுமையைத் தாங்கும். சில்லு குழலில இருக்கும். உள்ளுக்க போற தண்டுக்குச் சுத்திற வேலை மட்டும்தான். இப்ப பாருங்கோ." காம்பை வெளியே உருவினான். வளையல் குழலிலேயே கிடந்தது.

"அதாவது தூக்கிறது ஒரு ஆள், சுத்திறது வேற ஆள்," என்றான்.

"எங்கட வீட்டில ரெண்டும் நான்தான்," என்றேன். வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவருக்குக் கேட்டிருக்கும். பேப்பர் கொஞ்சம் உயர்ந்தது.

சேசியும் அப்படித்தானாம். பாரக் கெப்புகளில் அது மூடிய பெட்டியாக இல்லாமல், படுக்கப்போட்ட 'ப' மாதிரி ஒரு பக்கம் திறந்து, தடித்து, உயர்ந்து இருக்கும். மேடு பள்ளத்தில் அது கொஞ்சம் முறுகிக்கொடுக்கும், முறுகுவதற்கென்றே செய்தது. துரு பிடித்தாலும் கண்ணுக்குத் தெரியும்; கழுவலாம், சுரண்டலாம், பூசலாம்.

"இந்த அச்சுக்குப் பேர் மிதக்கும் அச்சு எண்டு வருது அம்மா. உங்கட மொழிபெயர்ப்பில சரியே?"

"சரிதான். ஆனா நேற்று மிதந்தது உன்ர சில்லு," என்றேன். நேற்று இல்லை, போன கிழமை. ஆனாலும் எனக்கு எல்லாம் நேற்றாகவே இருந்தது.

"வெளியால பாத்து எப்பிடிப் பிடிக்கிறது?" என்று கேட்டேன்.

"பின்சில்லின்ர நடுவைப் பாக்க வேணும். எங்கட மாதிரியெண்டா தட்டையாய் இருக்கும். பாரக் கெப்பில மூக்கு மாதிரி ஒண்டு வெளியால நீண்டு நிக்கும். அதைச் சுத்தி வட்டமாய்ச் சின்னப் போல்ட்டுகள்."

மூக்கு என்றதும் நான் மாவுக் கையோடு நின்றுவிட்டேன்.

பாதையில் ஏறிய மூக்கர்கள்

இப்போது பாலத்தால் சில நிமிடங்களில் கிண்ணியா போய்விடலாம். நான் சிறுமியாக இருந்தபோது பாதைதான். வெளியூர் வாசகர்கள் தெருவென்று நினைக்கக்கூடாது. வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி அக்கரை கொண்டுபோகும் தட்டையான மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம்.

அம்மாவோடு கிண்ணியாச் சந்தைக்குப் போவேன். கரையில் காத்திருக்கையில் எனக்கு ஒரே பொழுதுபோக்கு, வாகனங்கள் பலகையில் ஏறுவதைப் பார்ப்பது. நாங்கள் கீழே நிற்போம். அவை மேலே ஏறும். அப்போது அவற்றின் அடிவயிறு தெரியும். எண்ணெய் வடிந்த, சேறு காய்ந்த, யாருக்கும் காட்ட விரும்பாத பக்கம்.

பாதையில் வேலை செய்தவர்கள் வாகனங்களை இரண்டு பெயரில் அழைத்தார்கள். மூக்கன், சப்பையன். பின்சில்லின் நடுவில் மூக்கு நீண்டிருந்தால் மூக்கன், பாரமான சாதி. அதை நடுவில் விட வேண்டும். தட்டையாக இருந்தால் சப்பையன், ஓரத்தில் விடலாம். மாறி ஏற்றினால் மிதவை ஒரு பக்கம் சரியும். "மூக்கன் நடுவுக்கு வா! சப்பையன் கரைக்குப் போ!" என்று கத்துவார்கள். கூட்டத்தில் மூக்கு நீண்ட மனிதர் யாராவது நின்றால் அன்றைக்கு அவர் பாடு பாவம்.

எதற்கு அந்த மூக்கு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. மூக்கன் வந்தால் பாதை ஆடாது, அவ்வளவுதான் தெரியும்.

வாகனத்தின் அடியைப் பிறகும் பார்த்திருக்கிறேன். சோதனைச் சாவடிகளில் நீளத் தடியில் கட்டிய கண்ணாடியை ஆமிக்காரர் வாகனங்களுக்கு அடியில் விட்டுப் பார்த்த காலம். நாங்கள் அடையாள அட்டையோடு வரிசையில் நிற்போம். அந்தக் கண்ணாடியில் வானம் ஒரு கணம் மின்னிப் போகும். அவர்கள் தேடியது வேறு. ஒரு நாளைக்கு நானும் கண்ணாடி பிடிப்பேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"தம்பி," என்றேன், "மூக்கன் ஒண்டு தேடுவம். கிடைச்சா ஓடு. கிடைக்காட்டி நீ சொன்னபடி செய்."

அவன் என்னை உற்றுப் பார்த்தான். "உண்மையாவே அம்மா?"

"ஓம்," என்றேன். அந்த ஓம் சொல்ல எனக்கு எவ்வளவு மூச்சு தேவைப்பட்டது என்று அவனுக்குத் தெரியாது.

கழட்டிக் காட்டுங்கோ

கிண்ணியாவில் பரீதா ராத்தா என்பவரின் வீட்டு முற்றத்தில் ஒரு பழைய பாரக் கெப் நிற்பதாகத் தூண்டில்காரர்தான் சொல்லி அனுப்பினார். ராத்தாவின் மகன் செங்கல் ஏற்றிய வாகனம். மகன் வெளிநாடு போனபிறகு ஓடுவதில்லை. அவருடைய தம்பி றிஸ்வி நானா மட்டும் இடைக்கிடை ஸ்டார்ட் பண்ணி விடுவாராம். அங்கே அக்காவை ராத்தா என்பார்கள், அண்ணனை நானா.

நாங்கள் மூவரும் போனோம். அலுமாரிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியை நான் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வாகனம் பச்சை. அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. நெடுக நசுங்கிய கதவு, வெடித்துப் பஞ்சு தெரியும் சீற். ஆனால் பின்சில்லின் நடுவில், துரு நிறத்தில், நல்ல கம்பீரமாக ஒரு மூக்கு.

"மூக்கன்!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். றிஸ்வி நானா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

அதற்குள் அயல் கூடிவிட்டது. பரீட்சை என்றால் சனத்துக்குச் சொல்லி அனுப்பத் தேவையில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நான்கைந்து பேர் பின்தட்டைப் பிடித்துவிட்டார்கள். என் கணவரும் செருப்பைக் கழற்றினார்.

"ஒருத்தரும் ஏற வேண்டாம்," என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் பாதி ஏறிய காலோடு அப்படியே நின்றார்.

நான் மண்ணில் ஒரு சாக்கை விரித்துக் குந்தி, கண்ணாடியை அடியில் நீட்டினேன். திறந்த 'ப' மாதிரியான சேசி. அதன் குறுக்குச் சட்டங்களில் ஒட்டு இல்லை. தட்டி இறுக்கிய உருண்டைத் தலை ஆணிகள். செங்கல் தூசு படிந்திருந்தது. சுரண்டினால் கீழே இரும்பு இரும்பாகவே இருந்தது.

"அம்மா, ஐசியையும் கேளுங்கோ," என்றான் கஜன். அடையாள அட்டை வரிசையை அவன் கண்டதில்லை, கதையாகக் கேட்டதுதான். ஆனால் கூட்டத்தில் வயதானவர்கள் சிரித்தார்கள். ஒருவர் தன் அட்டையை எடுத்தும் நீட்டினார்.

நான் எழும்பி றிஸ்வி நானாவிடம், "பின் தண்டைக் கழட்டிக் காட்டுங்கோ," என்றேன்.

"என்னத்துக்கு?"

"கழட்டினாப் பிறகும் சில்லு நிக்குதோ எண்டு பாக்க."

"நிக்கும்தானே! இது அந்த மாதிரி அக்சில்."

"அதைத்தான் பாக்க வேணும்."

அதுவரை கதவருகில் பேசாமல் நின்ற பரீதா ராத்தா முன்னுக்கு வந்தார். குரலில் சூடு இருந்தது. "என்ட மகன் இவ்வளவு காலம் ஓட்டின வண்டி. ஒரு நாள் நடுரோட்டில நிண்டதில்ல. வந்த ஆக்கள் எல்லாம் ஏறி நிண்டு பாத்தாங்க, ஒருத்தரும் கழட்டச் சொல்லல்ல. எங்கட சொல்லில ஒங்களுக்கு நம்பிக்கை இல்லையா?"

என் கணவர் "விடுமப்பா" என்று முணுமுணுத்தார். கஜன் நிலத்தைப் பார்த்தான். நான் கடைசியில் உள்ளதைச் சொன்னேன்.

"ராத்தா, உங்கட சொல்லில நம்பிக்கை இருக்கு. எனக்கு எந்தச் சில்லிலயும் நம்பிக்கை இல்லை. போன மாசம் இவன் ஓட்டேக்க எனக்குப் பக்கத்தால சில்லு கழண்டு போனது. கெப் இன்னும் கொஞ்சம் கரைக்கு இழுத்திருந்தா ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள. இவன் இதில ஓடாட்டி கட்டாருக்குப் போகப் போறான். ஓடினா, நான் ஒவ்வொரு நாளும் வாசலில நிக்க வேணும். நிண்டுகொண்டு நினைக்கிறதுக்கு எனக்கு ஒண்டைக் கண்ணால பாத்து வைக்க வேணும்."

ராத்தா கஜனைப் பார்த்தார். முக்காட்டின் நுனியால் முகத்தைத் துடைத்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

"என்ட மகன் போன அண்டைக்கு நானும் ஏர்போட்டுக்குப் போனன். அந்தப் பிளேனைக் கழட்டிக் காட்டுங்க எண்டு கேக்க எனக்குத் தோணல்ல."

முற்றத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவர்தான் முதலில் சிரித்தார்.

"டேய் றிஸ்வி, ஸ்பானர எடு. கழட்டு. என்ட மண்ணில எண்ணெய் வடியாம ஒரு பேணிய வை."

மூக்கைச் சுற்றியிருந்த போல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. சுத்தியலால் தட்டி, மூக்கைப் பிடித்து இழுத்தார் றிஸ்வி நானா. உள்ளேயிருந்து இடுப்புயரத்துக்கு ஒரு கறுத்த தண்டு, எண்ணெய் பளபளக்க, சிறிய உலக்கை மாதிரி வெளியே வந்தது. அதைச் சாக்கில் கிடத்தினார். சில்லின் நடுவில் இப்போது ஒரு ஓட்டை. கறுப்பு எண்ணெய் பேணிக்குள் சொட்டியது.

சில்லு நின்றது.

"தள்ளுங்கடா," என்றார்.

ஏற விடாத கோபத்தையெல்லாம் கூட்டம் அதில் காட்டியது. கெப் முற்றத்தின் வேலிவரை போய்த் திரும்பி வந்தது. உள்ளே தண்டு இல்லாத சில்லு, தனக்கு ஒன்றும் நடக்காதது மாதிரிச் சுற்றியது. நான் பக்கத்திலேயே நடந்து போனேன். ராத்தாவும் நடந்து வந்தார். எங்கோ என் கையைப் பிடித்திருக்கிறார். எப்போது என்று தெரியவில்லை.

விலைப் பேச்சை ஆண்கள் பார்த்துக்கொண்டார்கள். நாங்கள் இருவரும் கிணற்றடியில் கை கழுவினோம். "ஒங்கட மகன் கிண்ணியாவுக்கு வர்ற நேரம் இந்தப் பக்கம் ஒருக்கா ஓட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க," என்றார் ராத்தா. "சத்தத்தைக் கேட்டாப் போதும்."

புறப்படும்போது றிஸ்வி நானா கஜனிடம் சொன்னார்: "இதுவும் கல்லால செஞ்சதில்ல தம்பி. மூக்குக்குள்ள சில்லு சுத்திற பெயரிங் இருக்கு, அதை இறுக்கிற நட்டு இருக்கு. கிரீஸ் காஞ்சு போனா சூடாகும். ஓடி வந்தா தொட்டுப் பாருங்க."

அவர் கஜனுக்குச் சொன்னார். மனதில் எழுதிக்கொண்டது நான்.

காய்ச்சல் பார்ப்பது

மூக்கன் வந்து சில மாதங்களாகின்றன. வெறுமையாக ஓடினால் குடல் வாய்க்கு வரும்; அந்த வில்கள் அவ்வளவு இறுக்கம். பழைய கெப்பில் எனக்கு நித்திரை வரும் என்று சொன்னேனே, இதில் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். பாரம் ஏற்றினால் மட்டும் நல்ல பிள்ளையாகிவிடும். மாலையில் கஜன் பின்தட்டையும் சேசியையும் நல்ல தண்ணீரால் கழுவுகிறான். திறந்த பக்கத்தால் உப்பெல்லாம் வடிந்து போகிறது. ராத்தாவின் ஒழுங்கையால் போகும்போது ஹோர்ன் அடிக்கிறானாம். அவர் சில நாள் மரவள்ளிக்கிழங்கு தந்து விடுவார்.

பாஸ்போட் அலுமாரியில் இருக்கிறது. ஒளித்து வைக்கவில்லை. அதன் மேல் என் சேலை ஒன்று இருக்கிறது, அது வேறு விசயம்.

ஒருமுறை அவனோடு கிண்ணியா போய் வந்தேன். அந்த இடம் வந்ததும் என்னை அறியாமல் யன்னலால் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தேன்.

"இருக்கா அம்மா?" என்றான், தெருவைப் பார்த்தபடி.

"இருக்கு."

"மற்றது?"

"அது உன்ர பக்கம். நீ பார்."

இப்போது எனக்கு ஒரு வழக்கம். பின்னேரம் மூக்கன் வாசலில் வந்து நின்றதும், கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போவேன். ஒரு பின்சில்லின் மூக்கில் புறங்கையை வைப்பேன். பிறகு சுற்றிப்போய் மற்றதில் வைப்பேன். கஜன் சின்னவனாக இருந்தபோது நெற்றியில் வைத்த அதே மாதிரி. இளஞ்சூடாக இருந்தால் சரி. அயலில் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என் கணவர் வருகிறவர்களுக்கெல்லாம், "அவ டொக்டர். வண்டிக்குக் காய்ச்சல் பாக்கிறா," என்று சொல்கிறார்.

நேற்று இந்தப் பகுதியை எழுதிக்கொண்டிருந்தேன். ராத்தாவின் முற்றத்தில் சில்லு சுற்றிய இடம். கஜன் வந்ததும், கிணற்றடியில் தண்ணீர் இறைத்ததும், குசினியில் கோப்பை எடுத்ததும் எங்கோ தூரத்தில் கேட்டது. அவன் தேத்தண்ணீரோடு வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றான். கொஞ்ச நேரம் நான் எழுதுவதைப் பார்த்தான்.

"அம்மா," என்றான். "இண்டைக்கு நீங்கள் காய்ச்சல் பாக்கேல்ல."

பேனையை வைத்துவிட்டு வெளியே போனேன். மல்லிகைப் பந்தலுக்குப் பக்கத்தில் மூக்கன் நின்றது. கழுவிய தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. புறங்கையை வைத்தேன்.

எப்போதோ ஆறிப்போயிருந்தது.